கோதுமையை விட்ட பிறகு கேட்ட கதைகள்

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த அரை மணித்தியாலத்துக்குள் சென்னையிலும் ஹைதராபாத்திலும் வாழ்கிற நடிகைகளின் குடும்ப விவகாரங்கள் அனைத்தையும் நாங்கள் ஐந்து பெண்களுமாக விசாரித்து, தீர்ப்பும் சொல்லி முடித்துவிடுவோம். யார் யாரைப் பிரிந்தார், யார் மூக்கைத் திருத்திக்கொண்டார், யார் எந்த டயட்டில் எத்தனை கிலோ குறைந்தார் என்ற பேச்செல்லாம் சோற்றுப் பொதியை அவிழ்ப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக வேலை பார்க்கிற எனக்கு, செய்திகளை ஏற்ற இறக்கத்தோடு சத்தமாக வாசிப்பதில் கொஞ்சம் திறமை இருந்தபடியால் தொலைபேசி பெரும்பாலும் என் கையில்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என்னைப் பற்றி ஊர் பேசியதைச் சொல்லும்போது, நான் ஒன்றும் அறியாத அப்பாவி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

அந்த நாட்களில் எனக்கு உடம்பில் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாது. மேல்மாடிக்கு ஏறினால் மூச்சு வாங்கும். தலை வாரினால் சீப்பில் மயிர் கொத்தாக வரும். ஈமோகுளோபின் 7.9 என்று ஒருமுறை வந்தது. இரண்டு ஆண்டுகளாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் அது ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததேயன்றி ஓரிடத்தில் நிற்கவில்லை. வயிறு மாலையானால் ஊதிக்கொள்ளும். சில நாட்களில் நாலைந்து தடவை வெளியே போக வேண்டியிருக்கும். நான் காட்டிய இடங்களில், "பொம்பிளைப் பிள்ளையளுக்கு இரத்தம் குறையிறது வழமைதானே" என்ற பதிலோடு அடுத்த மாத்திரைச் சீட்டு எழுதித் தரப்பட்டது. நானும் அதை நம்பிக்கொண்டு, காலையில் பாணும் சம்பலும், பத்து மணித் தேநீருக்குப் பணிஸ், இரவில் அம்மா அவிக்கும் பிட்டு என்று வழக்கம்போலவே சாப்பிட்டு வந்தேன்.

2022 யூலையில் ரெனிஸ் வீரர் நோவக் ஜோக்கோவிச் விம்பிள்டன் பட்டத்தை ஏழாவது முறையாக வென்றார். அதையொட்டி அவருடைய உணவு பற்றிய கதைகள் மறுபடியும் தொலைபேசிகளில் சுற்றத் தொடங்கின. 2010ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியின் காலிறுதியில் சொங்காவுக்கு எதிராக ஆடியபோது அவர் வயிற்றுக் குழப்பத்தால் தளர்ந்து தோற்றதையும், அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு வைத்தியர் பின்னர் அவரைச் சந்தித்து, ஒரு கையால் பாண் துண்டொன்றை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லி மற்றக் கையைக் கீழே அழுத்திப் பார்த்ததையும், கோதுமையை விட்ட மறு ஆண்டே, 2011இல், அவர் நான்கு பெரும் பட்டங்களில் மூன்றை வென்றதையும் நான்தான் மேசையில் வாசித்தேன். அவருடைய பெற்றோர் பீட்சாக் கடை நடத்தியவர்கள் என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, விளையாட்டாக, எனக்கும் அந்தச் சோதனை செய்யப்பட்டது. பாண் கிடைக்காததால் ஒரு சீனிச்சம்பல் பணிஸை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் எழுந்து நிற்க, பக்கத்து மேசை அக்கா என் கையை அழுத்த, கை பொத்தென்று விழுந்தது. பணிஸ் இல்லாமலும் அந்தக் கை விழுந்திருக்கும் என்பதும், அந்தச் சோதனைக்கு மருத்துவத்தில் எந்த மதிப்பும் இல்லை என்பதும் பின்னால் தெரிந்துகொண்டவை. கொரோனாத் தடுப்பூசி போடாத காரணத்தால் 2022 ஜனவரியில் அவுஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரிடமிருந்து மருத்துவ ஆலோசனை எடுக்கிறோமே என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வாரமே கோதுமையை விட்டேன். வீட்டில் எதிர்ப்பு இருக்கவில்லை, ஏனெனில் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மா விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. பாண் வாங்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. "உன்ர டயட் நல்ல நேரத்திலதான் வந்திருக்கு" என்றார் அப்பா. பாணும் பணிஸும் ரொட்டியும் நின்றுபோக, கோதுமை மாக் கலக்காத அரிசிமாப் பிட்டும் சோறும் மரவள்ளிக் கிழங்குமாக மூன்று வாரம் போனது. அதற்குள் வயிற்று ஊதல் வடிந்துவிட்டது. இரண்டு மாதத்தில் படியேறும்போது நின்று மூச்சு விடத் தேவைப்படவில்லை. ஜோக்கோவிச்சுக்குக் கோயில் கட்டலாம்போல இருந்தது.

என்னுடைய பெரிய பிழை இங்கேதான் நடந்தது. டிசம்பரில் வேறொரு விடயமாக ஒரு வைத்திய நிபுணரிடம் போனபோது, இரும்புச்சத்து மாத்திரைக்கு அசையாத இரத்தச்சோகையையும், கோதுமையை விட்டதும் தேறிய கதையையும் கேட்டுவிட்டு அவர் பேனாவை மேசையில் வைத்தார். "இதை நிற்பாட்டுறதுக்கு முதல் ஏன் பிள்ளை ஒருக்கால் இரத்தம் சோதிச்சுப் பார்க்கேல்லை?" என்று கேட்டார். அவர் எழுதித் தந்தது, கோதுமையால் குடல் கெடுகிற சீலியாக் நோயைக் கண்டுபிடிக்கிற ரிரிஜி-ஐஜிஏ (tTG-IgA) என்ற எதிருடல் சோதனை. மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார், ஏனெனில் சிலருக்கு அந்த வகை எதிருடலே உடம்பில் குறைவாக இருப்பதால் சோதனை பொய்யாக இல்லை என்று காட்டிவிடும். இரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வந்தபோது அளவு இயல்பான எல்லைக்குள் இருந்தது. எனக்கு மகிழ்ச்சி. அவருக்கு அது திருப்தியாக இல்லை. சீலியாக் நோயில் எதிருடல்கள் உருவாவது கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்குள் போகிற வரைக்கும்தான். சாப்பிடுவதை நிறுத்திச் சில மாதங்கள் போனால் அவை இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும், பிறகு நோய் இருந்ததா இல்லையா என்று எந்தச் சோதனையாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று அவர் விளக்கினார். ஆகவே நான் மறுபடியும் பாண் சாப்பிட வேண்டும். ஒரு நாளில் ஒரு வேளைக்கு மேல், குறைந்தது ஆறு வாரம்.

கோதுமை தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஐயப்படுகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நடிகை சொன்னார், விளையாட்டு வீரர் சொன்னார் என்று நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டே போய்ச் சோதியுங்கள், முடிவு வந்த பிறகு நிறுத்துங்கள். நான் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியதற்கு ஆறு வாரம் விலை கொடுத்தேன்.

2023 ஜனவரியில் அந்த ஆறு வாரம் தொடங்கியது. முதல் நாள் அம்மா இரண்டு துண்டுப் பாணைத் தட்டில் வைத்துவிட்டு, நஞ்சு கொடுப்பவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்து மாத ஓய்வுக்குப் பிறகு உடம்பு அதை முன்னையிலும் மோசமாக எதிர்த்தது. வயிற்றோட்டமும் சத்தியும் வந்தன. காலை பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் நான் கழிவறைக்கு ஓடுவது எல்லோருக்கும் தெரிந்த நேரசூசியாகிவிட்டது.

அதே மாதத்தில்தான் நடிகை சமந்தாவைப் பற்றிய ஒரு பேச்சு மேசைக்கு வந்தது. தமக்கு மயோசிட்டிஸ் என்ற தசை அழற்சி நோய் இருப்பதை அவர் 2022 ஒக்டோபரிலேயே தாமாக அறிவித்திருந்தார். ஆயினும் ஜனவரியில் அவர் ஒரு பட நிகழ்ச்சிக்கு வந்தபோது, அவருடைய அழகும் பொலிவும் போய்விட்டன என்று யாரோ இணையத்தில் எழுத, என்னைப்போல் மாதக்கணக்காகச் சிகிச்சையும் மருந்துமாக இருக்க வேண்டிய நிலை உங்களுக்கு வராதிருக்கட்டும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அவர் பதில் சொன்னதையும் நான்தான் வாசித்தேன். "வருத்தமாம், முகத்தில வேலை செய்திருக்கிறா, அதுதான்" என்று ஒருவர் சொல்ல, நானும் சேர்ந்து சிரித்தேன். என் வயிற்றுக்குள் பாண் புரண்டுகொண்டிருந்த நேரம் அது.

இரண்டு நாள் கழித்து, போட்டோக் கொப்பி இயந்திரத்துக்குப் பின்னால் நின்று தாள் அடுக்கிக்கொண்டிருந்தபோது, மறுபக்கத்தில் என் பெயர் கேட்டது. கலியாணமாகாத பிள்ளை, தினமும் காலையில் சத்தி எடுக்கிறாள், முதலில் மெலிந்தாள், பிறகு தேறினாள், இப்போது மறுபடியும் முகம் வெளிறிக் கிடக்கிறது. இதற்கு ஊர் எந்த விளக்கத்தைக் கண்டுபிடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பேசியவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒருவர் எனக்காக உண்மையாகவே கவலைப்பட்ட குரலில், "தாய்க்குத் தெரியுமோ தெரியேல்லை, பாவம்" என்றார். நான் தாள்களை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, வேறு கதவால் போய் என் கதிரையில் இருந்தேன். கோபத்தைவிட வியப்பே கூட இருந்தது. அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கம், நிறுத்தி இழுக்கிற இடம், கடைசியில் ஒரு "பாவம்" எல்லாமே நான் செய்தி வாசிக்கிற முறைதான்.

ஆறாவது வாரம் இரத்தத்தில் எதிருடல் அளவு எல்லையைப் பல மடங்கு தாண்டியிருந்தது. அதன்பிறகு வாய் வழியாகக் கமரா விட்டு, முன்சிறுகுடலில் நான்கைந்து இடங்களிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சடைமுளை என்று படித்தோமே, உணவின் சத்தை உறிஞ்சுகிற விரல் போன்ற அந்த நுண்ணிய முளைகள், எனக்குத் தேய்ந்து கிட்டத்தட்டத் தட்டையாகியிருந்தன. கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைப் பகைவனென்று எடுத்துக்கொண்டு உடம்பின் பாதுகாப்பு முறையே தன் குடலைத் தாக்குகிறது; உறிஞ்ச முளையில்லாத குடலுக்குள் எத்தனை இரும்பு மாத்திரை போட்டு என்ன பயன்? உலக மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்த நோய் உண்டு என்று கணக்கிடுகிறார்கள். கோதுமை தின்கிற வட இந்தியாவில் கூடவும், சோறு தின்கிற தென்னிந்தியாவில் மிகக் குறைவாகவும் காணப்படுவதால், எங்கள் பக்கத்தில் அது எளிதில் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமலிருப்பதுதான் சிகிச்சை. கூடப் பிறந்தவர்கள், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரில் பத்தில் ஒருவர் அளவுக்கு இது இருக்கக்கூடும் என்பதால் தம்பியையும் சோதிக்கச் சொன்னார்கள். அவன் நான்கு மாதம் சாட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனான், அவனுக்கு இல்லை.

முடிவைக் கேட்ட அன்று அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 1995இன் கதையைச் சொன்னார். அந்த ஒக்டோபர் முப்பதாம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது எனக்கு மூன்று வயது. சாவகச்சேரிப் பக்கத்தில் தங்கியிருந்த இடத்தில் நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவில் ரொட்டி சுட்டுத் தந்தார்களாம்; ரொட்டி தின்ற நாட்களில் எனக்கு வயிறு பொருமி, கழிந்து, காலும் கையும் குச்சியாகப் போனதாம். இடம்பெயர்ந்த இடத்துத் தண்ணீர் என்று எல்லோரும் நினைத்தார்களாம். சரியாக இதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு கதையை நான் பிறகு வாசித்தேன். யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்திக் கட்டிய அதே ஒல்லாந்து நாட்டில், 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில், பாண் இல்லாத நாட்களில் இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதையும், பாண் திரும்பி வந்ததும் மறுபடி விழுந்ததையும் வில்லெம் கரெல் டிக்கே என்ற குழந்தை வைத்தியர் கவனித்தார். கோதுமைதான் காரணம் என்ற தம் ஐயத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து 1950இல் ஆய்வேடாக எழுதினார். நடிகைகள் கண்டுபிடித்த டயட் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்ததற்கு, பட்டினி கிடந்த குழந்தைகள் படுத்திருந்த ஒரு மருத்துவமனை அறைதான் பிறப்பிடம்.

இனி அடுக்களைக்கு வருகிறேன், ஏனெனில் எனக்கு வந்த சிக்கல்களில் முக்கால் பங்கு அங்கேதான் இருந்தது. சோறு தின்னும் ஊரில் கோதுமையை விடுவது எளிது என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணச் சமையலைச் சரியாகப் பார்த்ததில்லை. பாண் என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் தந்தார்கள். அமெரிக்கன் மா என்று எங்கள் அம்மம்மா சொல்கிற வெள்ளை மா அதற்கும் மேலாக எல்லாவற்றுக்குள்ளும் புகுந்துவிட்டது. கடைப் பிட்டிலும் இடியப்பத்திலும் அரிசிமாவோடு அவித்த கோதுமை மா கலப்பது வழக்கம். எங்கள் ஊர்த் தோசைக்கு உளுந்தோடு கோதுமை மாவைக் கரைக்கிற வீடுகள் ஏராளம். குரக்கன் ரொட்டி உடையாமலிருக்கப் பிடி மா போடுவார்கள். பனங்காய்ப் பணியாரத்திலும் அது உண்டு. ரவையும் சேமியாவும் கோதுமை என்பதைப் படித்தவர்களுக்கே பல தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மா சேர்க்கிறார்கள். சோயா சோஸில் கோதுமை இருக்கிறது. உடம்பு தேறட்டும் என்று நோயாளிக்கு வாங்கிக்கொண்டு வருகிற மோல்ற் பானம் வாற்கோதுமையால் ஆனது. எனக்கு வந்த அன்பளிப்புப் போத்தல்களை அப்பா குடித்து முடித்தார்.

பொருளைப் பார்த்து வாங்கிவிட்டால் போதாது, பாத்திரத்தையும் பார்க்க வேண்டும். நோய் உறுதியாகி இரண்டு மாதமாகியும் என் வயிறு முழுதாக அடங்காதபோது, காரணத்தைக் கண்டுபிடித்தவர் அம்மாதான். பிட்டு அவிக்கிற எங்கள் வீட்டு நீத்துப்பெட்டி பழையது. அதை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, ஓலைப் பின்னலின் இடுக்கில் ஒரு ஊசியை விட்டு இழுத்தபோது, காய்ந்து மஞ்சளாகிப்போன மா பொருக்குப் பொருக்காக விழுந்தது. எத்தனை தரம் கழுவினாலும் ஓலையின் மடிப்புக்குள் ஏறிய மா வராது. அன்று மாலையே யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தையில் புதிதாக ஒரு நீத்துப்பெட்டியும் அரிதட்டும் வாங்கி, இரண்டிலும் சிவப்பு நூல் கட்டினார். சிவப்பு நூல் கட்டியதற்குள் கோதுமை மா போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மா திரிக்கிற மில்லிலும் இதே தொல்லைதான். எனக்கு முன்னால் ஒருவர் கோதுமை திரித்திருந்தால் இயந்திரத்தில் தங்கிய மா என் அரிசியோடு வந்துவிடும். ஆகவே காலையில் மில் திறந்தவுடன் முதல் ஆளாகப் போகிறோம். அப்படியும் முதலில் இரண்டு சுண்டு அரிசியைத் திரித்து அதை மாட்டுக்கு வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைத் திரிக்கிறோம். கடை வடை உளுந்தாகவே இருந்தாலும், றோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்ததென்றால் எனக்கு உதவாது.

கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகள் குளூட்டன் இல்லாத பிஸ்கட் பெட்டிகள் அனுப்பினாள். அப்படி ஒரு வாசகத்தை அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது பல நாடுகள் பின்பற்றுகிற அளவு. பயணம் போகும்போது அவை உதவுகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பெட்டியின் விலையில் இங்கே ஒரு மாதத்துக்கு அரிசிமாவும் ஒடியல் மாவும் சாமையும் வாங்கலாம். ஆடிக்கூழ், ஒடியற்கூழ், பயற்றம் பணியாரம், புழுக்கொடியல் எல்லாவற்றையும், மாக் கலக்காமல் வீட்டிலே செய்தால், நான் தாராளமாகச் சாப்பிடுகிறேன்.

பிரபலங்களின் கதைக்கு மறுபடி வருகிறேன், ஏனெனில் அவர்களால் எனக்கு வந்த நன்மையும் தீமையும் பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்கின்றன. அமெரிக்கப் பாடகி மைலி சைரஸ் 2012இல் மெலிந்தபோது அவர் பட்டினி கிடக்கிறார் என்று பேசினார்கள். தமக்குக் குளூட்டனும் பாலும் ஒத்துக்கொள்வதில்லை, இது நிறையைப் பற்றியதல்ல, நலத்தைப் பற்றியது என்று அவர் தாமே எழுத நேர்ந்தது. அதை வாசிக்கும்போது எனக்கு மனம் கசியும். ஆனால் அதே மூச்சில் எல்லோரும் ஒரு வாரம் குளூட்டனை விட்டுப் பாருங்கள் என்றும் அவர் சொன்னார். என்னைப்போல எத்தனை பேர் சோதனைக்கு முன்னால் நிறுத்தியிருப்பார்களோ! நடிகை ஜெனிஃபர் எஸ்போசிட்டோவுக்கு உண்மையாகவே சீலியாக் நோய். அதற்காக வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டது பற்றிய பிணக்கில் 2012இல் நல்லதொரு தொலைக்காட்சித் தொடர் அவர் கையை விட்டுப் போனது. எடை குறைக்க விடுகிறவர்களும் குடல் கெட்டு விடுகிறவர்களும் ஒரே சொல்லைப் பாவிப்பதால், உணவகத்தில் பரிமாறுபவர் என்னைக் கேட்பதெல்லாம் "டயட்டா அக்கா, கொஞ்சம் எண்டாப் பரவாயில்லைத்தானே?" என்பதுதான். கொஞ்சமென்றாலும் எனக்குக் கூடாது. இன்னொரு பக்கத்தில், ஜோக்கோவிச்சின் கதை வராமலே போயிருந்தால் நான் இன்றைக்கும் இரும்பு மாத்திரைதான் விழுங்கிக்கொண்டிருப்பேன்.

நோய் தெரிந்த பின்னும் கதைகள் ஓயவில்லை. உருவம் மட்டும் மாறியது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு மடத்தில் தந்த மோதகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டு, கோதுமை மா இருக்குமோ என்று தம்பியிடம் கொடுத்ததைப் பார்த்த ஒருவர், நான் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டேன் என்று மாமியிடம் சொல்லியிருக்கிறார். கத்தோலிக்கத் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நற்கருணை அப்பம் கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும் என்பது அவர்களுடைய திருச்சபைச் சட்டமாம், குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கு இடமுண்டு, அறவே இல்லாததற்கு இடமில்லை. ஆக, மாறியிருந்தாலும் எனக்குச் சிக்கல்தான். வேடிக்கை என்னவென்றால், மெலிவதற்காக டயட் இருக்கிறேன் என்று பேசப்பட்ட நான் சிகிச்சையின் முதல் ஆண்டில் ஏழு கிலோ கூடினேன். சடைமுளைகள் திரும்ப முளைத்தால் சாப்பாடு உடம்பில் ஒட்டத்தானே செய்யும். "டயட்டை விட்டிட்டாள் போல" என்று அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது.

சிரிக்க முடியாதது கலியாணப் பேச்சு. சாதகம் பொருந்தி வந்த ஓரிடத்தில், பிள்ளைக்குக் குடலில் ஏதோ தீராத வருத்தம், பிள்ளை பிறக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர்கள் தரகர் மூலமாக விலகிக்கொண்டார்கள். நோய் கண்டுபிடிக்கப்படாமல் கிடந்தால் கருத்தரிப்பில் சிக்கல்கள் வரக்கூடும் என்பது உண்மை. உணவை ஒழுங்காகப் பேணினால் பயப்படத் தேவையில்லை என்று வைத்திய நிபுணர் அம்மாவையும் வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். அம்மா, இனிமேல் யாருக்கும் சொல்ல வேண்டாம், கலியாணம் முடியட்டும் என்றார். நான் உடன்படவில்லை, மறைத்த ஒன்றை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் மறைத்துக்கொண்டே எப்படி ஒரு வீட்டில் வாழ்வது? நாங்கள் கண்டுகொண்ட வழி, கதை தொடங்குவதற்கு முன்பே, சுருக்கமாக, எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சொல்வது. "எனக்குக் கோதுமை குடலைப் புண்ணாக்கும், தொற்றாது, சோறு சாப்பிட்டால் சுகமாக இருப்பேன்." இந்த மூன்றுக்கு மேல் ஒருவர் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன். விளக்கம் நீள நீள, கேட்பவர் அதிலிருந்து தமக்குப் பிடித்த துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போவார் என்பதை அனுபவத்தில் படித்துவிட்டேன். அலுவலகத்தில் இப்போதும் தொலைபேசி மேசையைச் சுற்றி வருகிறது. என் முறை வரும்போது அதை அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறேன், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லி. கேட்காமல் எழுந்து போகிற அளவுக்கு நான் இன்னும் திருந்தவில்லை.

போன ஆவணியில் மாமி வீட்டில் பேத்தியின் சாமத்தியச் சடங்கு. முதல் நாள் இரவு மாமி அழைத்து, "பிள்ளை, ரவையும் கோதுமைதானே? அப்ப கேசரி உனக்கு வேண்டாம், நான் தனியா அரியதரம் சுடுறன், புது எண்ணெயிலை" என்றார். சொன்னபடியே, பச்சையரிசி மாவும் சீனியுமாகச் சுட்ட அரியதரத்தைத் தனியாக ஒரு மூடி போட்ட பாத்திரத்தில் வைத்திருந்தார். எனக்குக் கண் கலங்கியது. மாமி அந்தப் பாத்திரத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருநூறு பேர் இருந்த பந்தலுக்குள், "இதை ஒருத்தரும் தொடாதேங்கோ, இது எங்கட பிள்ளைக்கு, அவளுக்குக் குடலிலை வருத்தம்!" என்று கூவிக்கொண்டே நடுவால் நடந்து வந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த, அதுவரை அறிமுகமில்லாத ஓர் அம்மா என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த ரெனிஸ் விளையாடுற பெடியனுக்கு வந்ததெண்டாங்கள், அதுவே?" என்று கேட்டார்.

ஜோக்கோவிச்சுக்குச் சொல்லப்பட்டது சீலியாக் நோயல்ல, கோதுமை ஒத்துக்கொள்ளாமை என்று தொடங்கினால் பந்தி முடிந்துவிடும். "ஓம் அம்மா, அதுதான்" என்று சொல்லிவிட்டு, நான் அரியதரத்தை எடுத்துக் கடித்தேன்.